பொகவந்தலாவையின் பெயரும் அதன் சிற்றாலயமும்: ஜெயபுரத்து மலையகக் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

பூநகரிப் பிரதேசத்தின் ஜெயபுரத்திலும் அதன் அயற்கிராமங்களிலும் வாழும், மலையகத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்களுக்கும், ஊர் வரலாற்றை எழுதத் தொடங்கியிருக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும்:

பொகவந்தலாவை நுவரெலியா மாவட்டத்தின் மலைகளுக்கு நடுவே கிடக்கும் ஒரு சிற்றூர். ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாக ஏறிச் சென்றால் சாலை இந்தப் பள்ளத்தாக்கில் வந்து சேரும். நான்கு புறமும் தேயிலை மலை; நடுவே ஒரு கடைத்தெரு, பாடசாலைகள், கோவில்கள், பள்ளிவாசல், விகாரை. களனி கங்கையின் இரு மேற்கிளைகளில் ஒன்றான கெகெல்கமு ஓயா இப்பக்கத்து மலைகளின் நீரைத் திரட்டிக்கொண்டு நோர்வூட்டைக் கடந்து காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விழுகிறது. தேயிலை வணிகர்கள் இந்தப் பள்ளத்தாக்கைப் பொன் பள்ளத்தாக்கு என்று விளம்பரப்படுத்துவதுண்டு. அந்தப் பொன் யார் கைக்குப் போனது என்பதை அங்கே கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஊர்ப்பெயரின் பின்பாதியான 'தலாவ' சிங்களத்தில் புல்வெளி நிறைந்த சமதரையைக் குறிக்கும். தலவாக்கலையிலும், அநுராதபுரத்துக்குத் தெற்கே உள்ள தலாவ என்ற ஊரிலும் இதே சொல் நிற்கிறது. முன்பாதியை ஒத்த 'பொகவான' என்ற பெயரில் பள்ளத்தாக்கிலேயே ஒரு தோட்டம் உண்டு. ஆக, ஊரின் பெயர் உள்ளூர்ச் சிங்களப் பெயர்; காடு வெட்டப்படுவதற்கும் கோப்பி நடப்படுவதற்கும் அது முந்தியதாக இருக்க வேண்டும். மலையின் மேற்பரப்பில் இருக்கும் மற்றப் பெயர்களில் பெரும்பாலானவை அப்படியல்ல. அவை கப்பலேறி வந்தவை.

டிக்கோயா, டிம்புல, மஸ்கெலியா, பொகவந்தலாவை ஆகிய உயர்மலைப் பகுதிகளின் காடுகள் கோப்பிக்காகப் பெருமளவில் வெட்டப்பட்டது 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில். கண்டியைச் சுற்றிய தாழ்ந்த மலைகளில் கோப்பி அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. 1869இல் கோப்பி இலைகளில் துரு நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பயிர் ஏறத்தாழ அழிந்துபோக, லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் நட்டுப் பார்த்த தேயிலை மலை முழுவதும் பரவியது. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில் ஆள் வந்து திரும்பினால் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும். வந்து போனவர்கள் லயத்தில் நிலைத்துத் தங்கிய குடிகளானது இந்தப் பயிர் மாற்றத்தால்தான்.

அவர்கள் நடந்து வந்த வழி ஜெயபுரத்தாருக்கு அன்னியமானதன்று. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம், தஞ்சாவூர், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து புறப்பட்டு, பாக்கு நீரிணையைத் தோணியில் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து வன்னிக் காட்டின் தென்விளிம்பு வழியாக மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை தாண்டி மாத்தளைக்குக் கால்நடையாகப் போனார்கள். வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் வழிநெடுகக் காத்திருந்தன. இறந்தவர்களைப் பாதையோரத்திலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் மேலே நடந்தார்கள். 1914இல் தலைமன்னார் ரயில்பாதை திறந்த பிறகுதான் அந்தக் காட்டுவழி ஓய்ந்தது. மலையக மக்களின் வருகைக்கு 200 ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம் ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. பழைய பாதையையே அது பின்பற்றியது. மலையகத்துக்குப் போன வழியும், பின்னாளில் மலையகத்திலிருந்து தப்பி வந்த வழியும் வன்னி மண்ணில்தான் சந்திக்கின்றன.

பள்ளத்தாக்கின் தோட்டப் பெயர்களை வரிசையாகச் சொன்னால் ஒரு விசித்திரமான வரைபடம் எழும்: கெர்கஸ்வோல்ட், சென்விஜன்ஸ், பெட்ரசோ, லொய்னோன், பிரிட்வெல், கெம்பியன், கொட்டியாகலை. கடைசிப் பெயர் உள்ளூர்ச் சிங்களப் பெயர். ஏனைய பலவற்றின் வேர் பிரித்தானியாவில், குறிப்பாக ஸ்கொட்லாந்தில், கிடக்கிறது. தோட்டங்களைத் திறந்த துரைமாரில் பலர் ஸ்கொட்லாந்துக்காரர். காட்டை வெட்டிய இடத்துக்குத் தாங்கள் விட்டு வந்த ஊரின் பெயரை இட்டார்கள்.

அந்தப் பெயர்களுக்குள் ஆலயங்கள் ஒளிந்திருப்பது பெரும்பாலும் கவனிக்கப்படாத செய்தி. கெர்கஸ்வோல்ட் என்று தமிழ்ப் பத்திரிகைகள் எழுதும் பெயர் ஸ்கொட்லாந்தின் எயர்ஷயரில் உள்ள கேர்க்கொஸ்வோல்ட் என்ற கிராமத்தினுடையது. 'கேர்க்' என்றால் அந்த நாட்டு வழக்கில் கோயில். 'ஒஸ்வோல்ட்' 642இல் போரில் மடிந்து புனிதராக வணங்கப்பட்ட நோர்தம்பிரிய அரசர். ஒஸ்வோல்டின் கோயில் என்பதே ஊரின் பெயர். கவிஞர் ரொபர்ட் பர்ன்ஸ் 1775இல் சில காலம் அங்கே தங்கிப் படித்தார். தமது புகழ்பெற்ற நெடுங்கவிதை ஒன்றுக்கு அவ்வூர்க்காரர் இருவரை முன்மாதிரியாகக் கொண்டார். அவ்விருவரின் கல்லறைகளும் பழைய கோயிற்காணியிலேயே இருக்கின்றன. செயின்ட் விஜன்ஸ் என்பது ஆங்கஸ் பகுதியில் ஆர்புரோத் நகருக்கு அருகே உள்ள சிற்றூர். செங்குத்தான ஒரு மேட்டின் உச்சியில் ஆலயமும், அதன் காலடியில் வளைந்து கிடக்கும் குடிசை வரிசையுமாக உள்ள இடம் அது. ஆலயத்தைச் சுற்றிக் கிடைத்த, பிக்டிய மக்கள் செதுக்கிய பழங்கற்கள் அங்கே ஓர் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. 'விஜன்' என்பது 7ஆம் நூற்றாண்டு அயர்லாந்துத் துறவி ஃபெக்கின் என்பவரின் பெயர் இலத்தீன் வழியாக உருமாறிய வடிவம். அயர்லாந்தில் ஒரு துறவி. ஸ்கொட்லாந்தில் ஒரு மேட்டுக்கோயில். இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டம். காலையில் பெரட்டுக்களத்தில் நின்ற பெண்ணொருத்தி 'சென்விஜன்ஸ்' என்று தன் முகவரியைச் சொன்னபோது ஆயிரத்து முந்நூறு ஆண்டு வயதான ஒரு புனிதரின் பெயரைத்தான் உச்சரித்தாள். அவளுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. துரைக்கும் தெரிந்திருக்குமா என்பது ஐயமே.

தொழிலாளர்கள் இந்தப் பெயர்களைத் தங்கள் நாக்குக்கு ஏற்ப வளைத்துக்கொண்டார்கள். பெயர் அவர்கள் இட்டதல்ல என்றாலும் அதை வைத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் அவர்களே. எந்தத் தோட்டம் என்ற கேள்விக்கு விடை சொன்னால்தான் ஒருவர் யாரென்று புரியும். தெளிவத்தை ஜோசப் (1934–2022) போன்ற எழுத்தாளர் தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் நிரந்தரமாக வைத்துக்கொண்டதும் அந்த வழக்கத்தின் தொடர்ச்சிதான். ஊர் அழிந்தாலும் பெயர் நிற்கும் என்பதற்கு மஸ்கெலியா சாட்சி. 1960களின் இறுதியில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் கோவில்களோடு நீருக்குள் போனது. மேட்டில் கட்டப்பட்ட புதிய நகரத்துக்கும் மஸ்கெலியா என்றே பெயர்.

தோட்டத்தில் 'பேர்' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருந்தது. ஒரு நாள் வேலைக்குச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பதியப்படும் பதிவு ஒரு பேர். கொழுந்தின் எடை குறைந்தால் அரைப் பேர். பெயர் என்பது மனிதரைக் குறிப்பதைவிட அன்றைய கூலியைக் குறிப்பதாக ஆகியிருந்த இடம் அது.

பொகவந்தலாவையின் பழைய கிறிஸ்தவ ஆலயங்களில் வெளியுலகம் அறிந்தது அங்கிலிக்கன் சபையின் தூய மரியாள் ஆலயம். சென் மேரிஸ் என்று சொன்னால் ஊரில் தெரியும். அதே பெயரில் ஒரு கல்லூரியும் உண்டு. ஆலயம் சிறியது. துரைமார் தங்கள் வழிபாட்டுக்காகவும், தங்கள் இறந்தோரை அடக்கம் செய்வதற்காகவும் அமைத்துக்கொண்ட மலைநாட்டு ஆலயங்களின் வரிசையைச் சேர்ந்தது. டிக்கோயாவின் வார்லி ஆலயம் 1878இல் எழுந்தது. நுவரெலியாவின் திரித்துவ ஆலயம் அதற்கும் மூத்தது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு: பிரித்தானியக் கிராமத்துக் கோயிலின் சாயலை வெப்பநாட்டு மலையில் அப்படியே எழுப்பிப் பார்க்கும் ஆசை. கல், கூரைச் சரிவு, மணி, கோயிலை ஒட்டிய இடுகாடு எல்லாம் அங்கிருந்து வந்த அமைப்பு.

சென் மேரிஸின் இடுகாட்டுக்கு வெளிநாட்டார் தேடி வருவது இரண்டு கல்லறைகளுக்காக. ஒன்று ஜூலியா மார்கரெட் கெமரனுடையது. மற்றது அவர் கணவர் சார்ல்ஸ் ஹே கெமரனுடையது.

ஜூலியா 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். நாற்பத்தெட்டு வயதில், 1863இல், மகளும் மருமகனும் பரிசளித்த ஒரு புகைப்படப் பெட்டியோடுதான் அவரது கலைவாழ்க்கை தொடங்கியது. வைட் தீவில் இருந்த வீட்டில் கோழிக்கூண்டாக இருந்த கட்டடத்தைக் கலைக்கூடமாக்கி, டார்வின், ஹெர்ஷல், டெனிசன் ஆகியோரை அவர் எடுத்த படங்கள் இன்று புகைப்படக் கலை வரலாற்றின் முதல் பக்கங்களில் இருக்கின்றன. குடும்பத்துக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. துரு நோய் வந்தபின் அவை சுமையாகவும் இருந்தன. 1875இல் கணவனும் மனைவியும் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார்கள். தங்களுக்கான இரண்டு சவப்பெட்டிகளையும் கையோடு கொண்டு வந்தார்கள் என்பது அவர்களைப் பற்றி எப்போதும் சொல்லப்படும் கதை. 1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயாப் பகுதியின் கிளென்கேர்ன் தோட்டத்தில் ஜூலியா இறந்தார். ஹட்டனுக்கு ரயில் வர இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. மாட்டு வண்டியில் மலைவழியே உடல் பொகவந்தலாவைக்கு வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் கணவரும் அவர் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். எழுத்தாளர் வேர்ஜினியா வுல்ஃப் ஜூலியாவின் சகோதரியின் பேத்தி. அவரது கணவர் லெனார்ட் வுல்ஃப் யாழ்ப்பாணத்தில் அரசப் பணியில் இருந்தவர். 1906இல் மன்னார்க் கரையின் முத்துக்குளிப்பைக் கவனிக்க அனுப்பப்பட்டவர். இந்தக் குடும்பத்துக்கும் வடக்குக்கும் இருந்த தொடர்பு அத்தோடு முடியவில்லை.

சார்ல்ஸ் ஹே கெமரனின் கல்லறையைச் சுற்றுலா நூல்கள் 'புகைப்படக் கலைஞரின் கணவர்' என்று ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அது பிழையான அளவுகோல். இலங்கையின் வரலாற்றில் அவரது எடை மனைவியினுடையதைவிட மிகக் கூடியது. சட்ட வல்லுநரான அவர் 1830இல் முதன்முறையாக இலங்கைக்கு வந்தது கோல்புறூக்–கெமரன் ஆணைக்குழுவின் உறுப்பினராக. கோல்புறூக் ஆட்சியையும் வருவாயையும் ஆராய்ந்தார். கெமரன் நீதித்துறையை ஆராய்ந்தார். அவர்களின் அறிக்கைகளையொட்டி 1832இல் இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. 1833இல் கண்டி இராச்சியத்தின் தனி நிர்வாகம் முடிவுக்கு வந்து முழுத் தீவும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தது. சட்டநிரூபண சபை உருவானது. தீவு ஐந்து மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டது.

இராஜகாரிய ஒழிப்பை விடுதலையாக மட்டும் படிப்பது பாதிப் படிப்பு. நிலத்தோடு கட்டுண்ட ஊழியத்தை அவிழ்த்து, கூலிக்கு உழைக்கும் சந்தையைத் திறப்பதும், தனியார் முதலுக்கு நாட்டைத் திறந்துவிடுவதும் அந்தச் சீர்திருத்தத்தின் மறுபக்கம். கண்டிய விவசாயி தன் வயலை விட்டுவிட்டுத் தோட்டத்தில் நிரந்தரக் கூலியாக வர மறுத்தான். சந்தை திறந்தது, ஆள் வரவில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். ஆகவே பொகவந்தலாவையின் சிறிய இடுகாட்டில் கிடப்பவர், அந்த மலையில் தமிழ்த் தொழிலாளி வந்து நிற்பதற்கான அரசியல் பொருளாதாரத்தை வரைந்தவர்களில் ஒருவர். அதே 1833இன் கோடு வன்னியையும் தொட்டது. யாழ்ப்பாணம், மன்னார், வன்னி, நுவரகலாவிய ஆகியவற்றைச் சேர்த்து வடமாகாணம் என்ற அலகு அப்போதுதான் முதலில் பிறந்தது. நுவரகலாவிய 1873இல் பிரிந்து போனது. கிளிநொச்சி 1984இல் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து தனி மாவட்டமானது. ஜெயபுரத்தின் முகவரியில் 'வடமாகாணம்' என்று எழுதும் கைக்கும் பொகவந்தலாவையின் அந்தக் கல்லறைக்கும் இவ்வளவு நேரடியான தொடர்பு இருக்கிறது.

ஜூலியா கெமரன் இலங்கையில் எடுத்த படங்களில் முப்பதுக்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன. களுத்துறையில் வசித்தபோது உள்ளூர் மனிதர்களையும் தோட்ட உழைப்பாளர்களையும் அவர் நிறுத்திப் படமெடுத்தார். இங்கிலாந்தில் எடுத்த முகங்களுக்கு, வீட்டுப் பணிப்பெண் உட்பட, அநேகமாகப் பெயர் உண்டு. இலங்கைப் படங்களில் இருப்பவர்களுக்குக் 'களுத்துறைக் குடியானவர்கள்' என்பது போன்ற தலைப்புகள்தான். அவர்களில் ஒரு சிறுமியின் வயதும் ஒரு முதியவரின் வயதும் குறிக்கப்பட்டுள்ளன, பெயர் குறிக்கப்படவில்லை. கலைஞரின் கண் அவர்களைக் கண்டது. அவரது பதிவேடு காணவில்லை. மலையிலும் இதே கதைதான். துரையின் கல்லறையில் பிறந்த ஊர், இறந்த நாள், தோட்டத்தின் பெயர், வேதவாக்கியம் எல்லாம் செதுக்கப்பட்டன. தோட்டத்துத் தொழிலாளர் புதைக்கப்பட்டது தேயிலை மலையின் ஓர் ஓரத்தில். அங்கே பெயர்க்கல் மிக அரிது. இடுகாட்டின் மேலேயே பின்னர் தேயிலை நடப்பட்ட இடங்களும் உண்டு.

ஆனால் ஆலயத்தின் கல்வெட்டுகளில் இல்லாதவர்கள் ஆலயத்தின் ஏடுகளில் இருந்தார்கள். அதற்குக் காரணம் துரைமார் ஆலயத்துக்கு இணையாக இயங்கிய இன்னொரு ஏற்பாடு. 1854இல் அங்கிலிக்கன் சபையினர் தோட்டத் தொழிலாளரிடையே பணியாற்றத் 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பெயரிலேயே அந்தக் காலத்தின் பார்வை அப்பட்டமாகத் தெரிகிறது. அதை மழுப்பி எழுதுவதில் பயனில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்து, மாலையில் வேலை முடிந்தபின் லயத்துக் காம்பராக்களில் செபம் சொல்லி, பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தார்கள். கத்தோலிக்கத் தொழிலாளருக்குக் கண்டி மறைமாவட்டத்தின் குருமார் வந்துபோனார்கள். தோட்டத்தில் ஒரு சிறு மாதா கோயிலோ அந்தோனியார் கோயிலோ எழுந்தது. பெரும்பான்மைத் தொழிலாளரின் வழிபாடு மாரியம்மனிடத்திலும் முருகனிடத்திலும் இருந்தது, கிறிஸ்தவர்கள் சிறுபான்மையினரே. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகி வெள்ளைத் துரைமார் வெளியேறியபின், மலைநாட்டின் பல ஆங்கில ஆலயங்களின் இருக்கைகளில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் தமிழர். கோயிலைத் தங்களுக்காகக் கட்டிக்கொண்டவர்கள் போய்விட்டார்கள். அதன் சுவர்களுக்குக் கல் சுமந்தவர்களின் சந்ததி அதற்குள் தமிழில் பாடியது.

ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு ஆகிய மூன்றும் ஒவ்வோர் ஆலயத்திலும் வைக்கப்படுபவை. பிள்ளையின் பெயர், பெற்றோரின் பெயர், பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற நாள், தோட்டம், ஞானப்பெற்றோர், குருவின் கையொப்பம் என ஒரே வரியில் ஒரு குடும்பம் அதில் அடங்கிவிடும். கூலிப் பேராக இல்லாமல், மனிதப் பெயராக ஒருவர் எழுதப்பட்ட மிகச் சில இடங்களில் இது ஒன்று.

1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது இப்படிப்பட்ட காகிதத்தின் விலை தெரிந்தது. தந்தை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும், இந்த மண்ணில் பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது அச்சட்டம். 1949இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் இடையறாத வதிவுக்குச் சான்று கேட்டது. ஏறத்தாழ 8,25,000 பேருக்கான விண்ணப்பங்கள் சென்றன; 1964 வரையில் குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கே. இத்தனை பேர் தோற்றது இங்கே வாழவில்லை என்பதால் அல்ல. வாழ்ந்ததைக் காட்டும் தாள் இல்லை என்பதால். 1964 அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாக வகுத்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று. அந்த மீதியை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. நாடற்றோர் என்ற நிலை சட்டத்தில் பெருமளவு தீர 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையில் மலை தன் மக்களையே வெளியே தள்ளியது. 1973–74இன் பஞ்சம், தோட்டங்கள் அரசுடைமையானபோது நேர்ந்த வெளியேற்றங்கள், 1977 ஆகஸ்ட் வன்செயல், 1983 ஜூலை. ஒவ்வொன்றுக்கும் பிறகு குடும்பங்கள் வடக்கு நோக்கிப் பெயர்ந்தன. 1976இல் தொடங்கிய காந்தியம் அமைப்பு வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளில் அவர்களைப் பண்ணைகளில் குடியமர்த்தியது. அதன் நிறுவுநர்களில் ஒருவரான மருத்துவர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற இடங்களிலும், மேற்கே பூநகரிப் பிரதேசத்தின் ஜெயபுரத்திலும் மலையகக் குடும்பங்கள் காடு வெட்டிக் கொட்டில் போட்டன. மூன்று தலைமுறைக்கு முன் அவர்களின் முன்னோர் கோப்பிக்காகக் காடு வெட்டியவர்கள். இம்முறை வெட்டியது தங்கள் குடிசைக்காக.

ஜெயபுரத்தின் பெயரை அதன் அயலூர்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதன் வயது தெரியும். வன்னேரிக்குளம், பல்லவராயன்கட்டு, கரியாலை நாகபடுவான், முழங்காவில், வலைப்பாடு, நாச்சிக்குடா: இவை குளத்தையும் அணைக்கட்டையும் மரத்தையும் வலையையும் குடாவையும் நினைவில் வைத்திருக்கும் பழம்பெயர்கள். புரம், நகர் என்று முடியும் பெயர்கள் வன்னியில் புதுக் குடியேற்றத்தின் அடையாளம். பாரதிபுரம், சாந்தபுரம், உதயநகர், ஜெயந்திநகர் என்று கிளிநொச்சியெங்கும் அவை கிடக்கின்றன. இடத்தின் இயல்பைச் சொல்லாமல் விருப்பத்தைச் சொல்வதே இவற்றின் இலக்கணம். வெற்றி, அமைதி, விடியல். வரலாற்றாசிரியர்கள் இத்தகைய பெயர்களைச் சாரமற்றவை என்று ஒதுக்குவதுண்டு. அது நியாயமல்ல. சென்விஜன்ஸ், கெர்கஸ்வோல்ட் என்று பிறர் ஊரின் பெயரில் வாழ்ந்தவர்கள் வந்து சேர்ந்த ஊருக்குத் தமிழில், அதுவும் ஜெயத்தைக் குறித்து, ஒரு பெயர் அமைந்தது சிறிய செய்தியல்ல. இன்று ஜெயபுரம் வடக்கு, ஜெயபுரம் தெற்கு என்று அரச ஏட்டில் இரண்டு கிராம அலுவலர் பிரிவுகளாக அது நிற்கிறது.

2008இன் இறுதி மாதங்களில் போர் இவ்வழியே வந்தது. நவம்பர் நடுவில் பூநகரி இராணுவத்தின் வசமானது. வன்னி மக்கள் கிழக்கே நகர்ந்து, முள்ளிவாய்க்காலைக் கடந்து, 2009இல் செட்டிகுளத்தின் முகாம்களுக்குள் போனார்கள். மலையிலிருந்து கொண்டுவந்த பெட்டிகளில் எஞ்சியிருந்த காகிதமும் பலருக்கு அந்தப் பாதையில் போனது. மீளக்குடியேறியபின் பிறப்புச் சான்றிதழுக்காகவும் அடையாள அட்டைக்காகவும் வரிசையில் நின்றவர்களுக்கு, பாட்டனின் தோட்டத்தில் யாரோ ஒரு குரு எழுதிவைத்த வரி மீண்டும் தேவைப்பட்டது.

அந்த வரியைத் தேடும் வழி கடினமானதல்ல. மலைநாட்டு அங்கிலிக்கன் ஆலயங்கள் இலங்கைத் திருச்சபையைச் சேர்ந்தவை. பொகவந்தலாவைப் பகுதியின் கத்தோலிக்கப் பங்குகள் கண்டி மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. கிளிநொச்சியின் கத்தோலிக்கப் பங்குகள் யாழ்ப்பாண மறைமாவட்டத்துக்குள் வருகின்றன. ஞானஸ்நானம் எந்த ஆலயத்தில் நடந்ததோ அங்குள்ள பதிவேட்டிலிருந்துதான் சாற்றுப்பிரதி பெற வேண்டும். குடும்பம் இன்று வாழும் பங்கில் கேட்டால் கிடைக்காது. தோட்டத்தின் பெயர், தோராயமான ஆண்டு, தாய் தந்தையரின் பெயர் ஆகிய மூன்றும் இருந்தால் தேடுவது எளிது. தோட்டத்தின் பெயரை வீட்டில் சொன்னபடியே எழுதுவதோடு ஆங்கில எழுத்துக்கூட்டலையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. பழைய ஏடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை, 'சென்விஜன்ஸ்' என்று தேடுபவருக்கு அங்கே 'எஸ்' என்ற எழுத்தின் கீழ்த்தான் புனிதர் அகப்படுவார். பிறப்பு அறவே பதியப்படாதவர்களுக்குப் பதிவாளர் வழங்கும் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போதும் ஞானஸ்நானச் சாற்றுப்பிரதி ஆதாரமாக ஏற்கப்படுகிறது. கிறிஸ்தவர் அல்லாத குடும்பங்களுக்குத் தோட்டப் பாடசாலையின் சேர்விடாப்பு, பழைய செக்ரோல், குடியுரிமை விண்ணப்பத்தின் பிரதி ஆகியவை இதே வேலையைச் செய்யும். ஊர் வரலாற்றை எழுதுவோர் ஒவ்வொரு வீட்டிலும் முதலில் கேட்க வேண்டியது, வந்த தோட்டத்தின் பெயரையும், அந்த வீட்டில் அதை உச்சரிக்கும் விதத்தையும்.